ஆறாவது வாக்கியம்

முதல் நாளே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மார்போடு அணைத்த காகிதக் கட்டும் காதில் செருகிய பேனாவுமாக, பெண்கள் சிறையின் மூன்றாவது கதவைத் தாண்டி அவள் உள்ளே வந்தபோது, தையல் கூடத்திலிருந்து யாரோ, "கேள்வி வந்துருச்சுடி" என்றார்கள். அதோடு சரி. குற்றவியல் இறுதியாண்டு மாணவி, ஆய்வு மையத்தில் மூன்று மாதப் பயிற்சிக்குத் தேர்வானவள், வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி என்பதெல்லாம் கதவுக்கு வெளியே நின்றுவிட்டன. உள்ளே அவள் கேள்வி.

சிறைக்குள் கைதிகள் ஒருவரையொருவர் எப்படித் தாக்கிக்கொள்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. ஆய்வை நடத்தும் மேடம் தயாரித்த நாற்பத்திரண்டு கேள்விகள். அவற்றைத் தொடங்கும் முன் சம்மதத் தாள் ஒன்றை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அதில் ஏழு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிறு கட்டம். ஒன்றைப் படித்ததும் அதற்கு டிக். ஏழும் முடிந்து, எதிரில் இருப்பவள் கையெழுத்துப் போட்ட பிறகே ஒலிப்பதிவைத் தொடங்கலாம். ஐந்தாவது வாக்கியம், உங்கள் பெயர் எங்கும் வராது என்பது. ஆறாவது, யாருக்காவது தீங்கு நடக்கப்போவதாக நீங்கள் சொன்னால் அதை மட்டும் நான் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்பது. ஏழாவது, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்பது.

முதல் மூன்று பேருக்கு அவள் ஆறாவதைப் படித்தாள். மூன்று முகங்களும் கடையடைத்தது போல மூடிக்கொண்டன. அந்த மூவரில் இரண்டாவது ஆள் இரட்டைநாடி. பெயருக்கேற்ற உடம்பு, கூடத்தின் கடைசி மெஷின் அவளுடையது, அவள் இருமினால்கூட மற்ற மெஷின்கள் ஒரு கணம் நின்று ஓடும். ஆறாவது வாக்கியத்தைக் கேட்டுவிட்டு அவள் சிரித்தாள்.

"அப்போ எனக்கு ஒண்ணும் தெரியாது கண்ணு. அடுத்த கேள்வி."

நாற்பத்திரண்டு தடவை "தெரியாது" என்றாள். சலிக்காமல் சொன்னாள்.

அடுத்த கட்டடத்தில் பேட்டி எடுத்துக்கொண்டிருந்த சக மாணவிக்கு எல்லாமே அவசரம், பெயரும் அதுவே. பேருந்தில் அவசரம்தான் வழி சொன்னாள்.

"ஆறாவதைப் படிச்சா வாயில தையல் போட்டுக்குவாங்கடி. நடந்ததைத்தானே கேக்கிறோம், நடக்கப் போறதையா கேக்கிறோம்? டிக்கைப் போட்டுட்டு ஏழாவதுக்குத் தாவு."

"மேடம் கேட்டா?"

"மேடம் தாளைத்தான் பாப்பாங்க. உன் வாயையா பாப்பாங்க?"

நான்காவது பெண்ணிலிருந்து அவள் தாவினாள்.

அதன் பிறகு மடை திறந்தது. கழிவறைச் சுவரில் ஒருத்தியின் தலையை ஓடு பெயர்ந்து விழும்வரை மோதிய கதை வந்தது. சாப்பாட்டுத் தட்டின் விளிம்பைப் பதினோரு நாள் தரையில் தேய்த்துக் கத்தியாக்கி, பன்னிரண்டாம் நாள் பக்கத்துப் படுக்கைக்காரியின் காதை அறுத்தவளின் கதை வந்தது. ஈரத் துண்டுக்குள் சோப்புக் கட்டியை முடிந்து முதுகில் அடித்தால் தோல் கிழியாது, உள்ளே மட்டும் உடையும் என்று ஒருத்தி சமையல் குறிப்பு சொல்வது போலச் சொன்னாள். கேள்வி எழுதிக்கொண்டாள். கை நடுங்கவில்லை. நடுங்கவில்லை என்பதை அவளே கவனித்தாள், அதில் கொஞ்சம் பெருமையும் பட்டாள்.

தனக்குள் ஒரு பசி இருப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு ஆர்வம், துறை, எதிர்காலம் என்று மரியாதையான பெயர்கள் வைத்திருந்தாள். ஆனால் யாராவது, "அப்புறம் ரத்தம் வந்துச்சு" என்று நிறுத்தும்போது அவள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவாள். வீட்டில் அந்தப் பசிக்குப் பந்தியே நடந்தது. இரவுச் சாப்பாட்டு மேசையில் அண்ணன் தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னைக்கு யாரு யாரைடி கடிச்சா?" என்பான். அப்பா, "சாப்பிடற நேரத்துல இதெல்லாம் எதுக்கு?" என்பார், சொல்லிக்கொண்டே டிவியின் சத்தத்தைக் குறைப்பார். பெயர் சொல்லவில்லையே, தப்பில்லை என்று அவள் சொல்லுவாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் இரண்டே வாரத்தில் கைவந்துவிட்டது.

இருபத்திரண்டாவது பேட்டி டெய்லர் அக்காவுடையது. அன்று புதன்கிழமை.

கூடத்தின் பதினான்கு மெஷின்களையும் மேற்பார்ப்பவள் டெய்லர் அக்கா. தங்கையின் கணவனைக் கட்டையால் அடித்துக் கொன்றுவிட்டு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. "ரெண்டு அடியோட நிறுத்தியிருக்கலாம். கை நிக்கலை" என்பாள், அடுப்பில் பால் பொங்கியதைச் சொல்வது போல. முன்கூட்டியே விடுவிப்பது பற்றிய விசாரணை இன்னும் இருபது நாளில். தங்கை தன் வீட்டில் ஓர் அறையைக் காலிசெய்து வெள்ளையடித்து வைத்திருக்கிறாள்.

பேட்டி நடந்தது கூடத்தை ஒட்டிய நூல் அறையில். சுவர் முழுக்க நூல்கண்டுகள். ஒரு மேசை, இரண்டு ஸ்டூல். கதவில் முகம் அளவுக்குக் கம்பிவலை. வெளியே மோட்டார் மெஷின்கள் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தைத்துக்கொண்டிருந்தன. மெல்லிய துணி என்றால் ஒரே சீரான இரைச்சல். நான்கு மடிப்பு வந்தால் மெஷின் முக்கும். ஒரு மாதத்தில் அவளுக்கு அந்த வித்தியாசம் பழகியிருந்தது.

ஐந்தாவதைப் படித்தாள், டிக். ஆறாவதுக்கு டிக். ஏழாவதைப் படித்தாள், டிக்.

முப்பத்தொன்றாவது கேள்வி, சமீபத்தில் பார்த்த மிக மோசமான தாக்குதலைப் பற்றியது. டெய்லர் அக்கா தன் விரல்களைப் பார்த்தாள்.

"போன மாசம் ஒருத்தியைக் காட்டிக்கொடுத்தவன்னு கண்டுபிடிச்சாங்க. இஸ்திரி மேசையில கையை விரிச்சு வெச்சு, பெட்டியை வெச்சாங்க. வெச்சாங்கன்னா தொட்டு எடுக்கிறது இல்ல. சட்டைக் காலருக்கு வெச்சு அழுத்துவோமே, அந்த மாதிரி. துணி கருகினா ஒரு வாசனை வரும்ல? இது அது இல்ல. ரெண்டு நாள் நான் சாப்பிடலை." பிறகு ஏதோ ஆறுதல் சொல்வது போல, "இது என்ன பெரிசு, வெள்ளிக்கிழமைதான் இருக்கு" என்றாள்.

அந்த இடத்தில் ஒலிப்பதிவை நிறுத்தியிருக்க வேண்டும். அவள் ஸ்டூலின் நுனிக்கு வந்தாள்.

"வெள்ளிக்கிழமை என்னக்கா?"

"புதுசு வந்திருக்காளே, குழந்தை செத்த கேஸ்ல. அவ மூஞ்சியில வைக்கப் போறாங்க. இரட்டைநாடி நாள் குறிச்சிட்டா."

"நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"நானா? நான் நூல் எடுக்க இந்த அறைக்குள்ள வரணும். வந்து கதவைச் சாத்திக்கணும். சிவப்பு நூல் எங்க இருக்குன்னு அஞ்சு நிமிஷம் தேடணும். அவ்வளவுதான் என் வேலை." சிவப்பு நூல் அவள் தலைக்கு நேர் மேலே இருந்தது. "தேடலைன்னா அடுத்த வெள்ளி எனக்கு. உன்கிட்ட சொன்னா என் பேர் வெளிய போகாதுன்னு படிச்சியே, அதான் சொல்றேன். யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு."

கேள்வி முதலில் நினைத்தது புதுசின் முகத்தையல்ல. எவ்வளவு நல்ல பதில் என்றுதான் நினைத்தாள்.

அன்று இரவு மேசையில் அதைச் சொன்னாள். நன்றாகச் சொன்னாள். வாசனையைச் சொன்னாள், சிவப்பு நூலைக் கடைசிக்கு வைத்தாள். அப்பா டிவியை அணைத்தே விட்டார். அண்ணன் கையில் எடுத்த கவளத்தோடு, "அப்புறம்?" என்றான்.

"அப்புறம் என்ன, வெள்ளிக்கிழமைதான் தெரியும்" என்றாள் அவள்.

அண்ணன் சிரித்தான். "சரியான இடத்துல நிறுத்துறடி நீ."

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் புள்ளைக்கு அம்மா இருக்காளா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நாற்பத்திரண்டில் இடமில்லை. அவள் வாய்க்குள் சோறு மண்ணாகக் கிடந்தது. நாளைக்கு மறுநாள் ஒரு பெண்ணின் முகம் வேகப்போகிறது. அதைத் தடுக்கக்கூடிய ஒரே ஆள், அதற்கு உப்புப் புளி சேர்த்துப் பரிமாறிக்கொண்டிருக்கிறாள். எழுந்து போய்க் கை கழுவினாள். நெடுநேரம் கழுவினாள்.

வியாழன் காலை எட்டு மணிக்கு ஆய்வு மையத்தில் மேடத்தின் அறை வாசலில் நின்றாள். மேடம் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டுவிட்டு, சம்மதத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆறாவதைப் படிச்சியாம்மா?"

எவ்வளவு சின்னக் கேள்வி. இல்லை என்றால் பத்தொன்பது பேட்டிகளும் குப்பைக்குப் போகும், பயிற்சி போகும், சான்றிதழ் போகும். அவள் அதையெல்லாம் எண்ணிப் பார்த்துப் பொய் சொன்னாள் என்றால்கூட ஒரு நியாயம் இருக்கும். எண்ணவில்லை. தாளில் டிக் இருந்தது. வாய் அதைப் பார்த்துச் சொன்னது.

"படிச்சேன் மேடம்."

மேடம் சிறைக் கண்காணிப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தார். யார் சொன்னது என்று சொல்ல மாட்டேன் என்றார். ஆனால் புதன்கிழமை தையல் கூடத்தில் பேட்டி கொடுத்தவள் ஒருத்திதான் என்பது வாசல் பதிவேட்டிலேயே இருந்தது.

அவளும் மேடமும் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. இஸ்திரிப் பெட்டிகளை எடுத்துப் போய்விட்டார்கள். புதுசைத் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். டெய்லர் அக்காவை ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைத்து, இருபது நிமிடம் அலுவலகத்தில் வைத்திருந்து, திரும்பக் கூடத்துக்கே அனுப்பிவிட்டார்கள். ஊரையே கூட்டி இவள்தான் என்று விரல் நீட்டுவதற்கு வேறு வழி வேண்டியதில்லை.

கூடத்துக்கு வெளியே தண்ணீர்க் குழாயடியில் இரட்டைநாடி நின்றிருந்தாள். பக்கத்தில் நாலைந்து பேர். வார்டர் அம்மா சற்றுத் தள்ளி, கொத்துச் சாவியை எண்ணிக்கொண்டிருந்தாள். மேடத்தைப் பார்த்ததும் இரட்டைநாடி மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டாள். பிறகு கேள்வியைப் பார்த்துச் சிரித்தாள்.

"கண்ணு, ஒரு சந்தேகம். எனக்கு ஆறாவதா ஒண்ணு படிச்சியே. தீங்கு நடக்கப்போறதைச் சொன்னா மேல சொல்லிடுவேன்னு. டெய்லருக்கும் அதைப் படிச்சியா? நீ படிக்கவே இல்லைன்னு அவ சத்தியம் பண்றா."

மேடம் கேள்வியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம்கூட இல்லை. அவள் பதில் சொல்லக் காத்திருந்தார், அவ்வளவுதான். காலையில் சொன்ன சொல் வாயிலேயே இருந்தது.

"எல்லாருக்கும் படிப்பேன்" என்றாள்.

"அதானே" என்றாள் இரட்டைநாடி. "எனக்குப் படிச்சவ அவளுக்குப் படிக்காமலா இருப்பா?" ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மேடம் அலுவலகத்துக்குப் போக, அவள் பேட்டித் தாள்களை எடுக்க நூல் அறைக்குள் நுழைந்தாள். கூடத்தில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக நின்றன. பதின்மூன்று நின்றன என்று பிறகுதான் கணக்குப் போட்டாள். ஒன்று மட்டும் ஓடியது. யாரோ மூச்சை இழுத்தார்கள். யாரோ, "வாயில துணியை வை" என்றார்கள். அப்புறம் அந்த மெஷின் முக்கியது.

நான்கு மடிப்புத் துணியல்ல. துணிக்கு அப்படி ஒரு சத்தம் வராது.

கம்பிவலையில் முகத்தை வைத்துப் பார்த்தாள். மூன்று பேர் டெய்லர் அக்காவின் மேல் கவிழ்ந்திருந்தார்கள். வலது கை மெஷின் தகட்டில் விரிந்திருந்தது. துணியை அழுத்திப் பிடிக்கும் இரும்புக் கால், புறங்கையை அழுத்திப் பிடித்திருந்தது. இரட்டைநாடியின் கால் மிதியில் இருந்தது. முகத்தில் கோபம் இல்லை, ஓரம் கோணாமல் அடிக்க வேண்டுமே என்கிற கவனம்தான் இருந்தது. ஊசி ஆள்காட்டி விரலின் நகத்தில் தொடங்கி மணிக்கட்டை நோக்கி ஏறியது. எலும்பில் பட்ட இடத்தில் நின்றது, தயங்கியது, பிறகு படீரென்று உடைந்தது. உடைந்த பின்னும் அவள் மிதித்தாள். வெள்ளை நூல் வெளியே வரும்போது சிவப்பாக வந்தது.

துணி அடைத்த வாய்க்கு மேலே டெய்லர் அக்காவின் கண்கள் நூல் அறைக் கதவைப் பார்த்தன. அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஐந்து நிமிடம் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பது எப்படிப்பட்ட வேலை என்பதும் அவளுக்குத்தான் தெரியும்.

கேள்வி கத்தினாள். கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தபோது பதின்மூன்று மெஷின்களும் மறுபடி ஓடிக்கொண்டிருந்தன. வார்டர் அம்மா வந்து பார்த்து, "ஐயோ, கை சறுக்கிடுச்சா?" என்றாள். ஆமாம், சறுக்கிவிட்டது என்று பதின்மூன்று பேரும் சொன்னார்கள். பதிவேட்டிலும் அப்படித்தான் ஏறியது.

சிறை மருத்துவ அறையின் கட்டிலில் டெய்லர் அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கை, கட்டுக்குள் ஒரு பொட்டலமாக இருந்தது. இரண்டு விரல் இனி மடங்காது என்றார் மருத்துவர். கேள்வி மேடத்தை வாசலுக்குக் கூப்பிட்டு, நிமிராமல் சொன்னாள்.

"நான் படிக்கலை மேடம். அவங்களுக்கு மட்டும் இல்ல. பத்தொன்பது பேருக்குப் படிக்கலை."

மேடம் ஓங்கி அறைவார் என்று எதிர்பார்த்தாள். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். மேடம் சுவரில் சாய்ந்துகொண்டார். "குழாயடியில கேட்டாளே, அப்பவாவது சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

அவள் கட்டிலருகே போய் அதையே திரும்பச் சொன்னாள். டெய்லர் அக்கா திரும்பவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்றே? நீ படிக்கலைன்னு எனக்குத் தெரியாதா? நான் இன்னும் இருபது நாள் அவங்க நடுவுலதான் தூங்கணும். காட்டிக்கொடுத்தவன்னு பேர் இருக்கிற வரைக்கும் கையோட நிக்காது." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அங்க போய்ச் சொல்லு."

"மன்னிச்சுக்கோங்கக்கா."

"படிச்சிருந்தாலும் சொல்லியிருப்பேன்டி. எனக்கும் அந்தப் புள்ளை வேகக் கூடாதுன்னுதான் இருந்துச்சு. ஆனா தெரிஞ்சு சொல்லியிருப்பேன். எனக்கு ஒரு மறைவு வெச்சுக்கிட்டு சொல்லியிருப்பேன்."

வெள்ளிக்கிழமை, இரட்டைநாடி குறித்திருந்த அதே நாள், கூடத்தில் பேசக் கண்காணிப்பாளர் அவளுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார். பயிற்சியிலிருந்து அவளை நீக்கிய கடிதம் பையில் இருந்தது. வார்டர் அம்மா கதவோரம் நின்றாள். மெஷின்கள் நின்றன.

"டெய்லர் அக்காவுக்கு நான் ஆறாவதைப் படிக்கலை" என்றாள். "முதல் மூணு பேருக்குத்தான் படிச்சேன். அதுக்கப்புறம் நீங்க பேச மாட்டீங்கன்னு விட்டுட்டேன். வெளிய போகும்னு அவங்களுக்குத் தெரியாது. நேத்து குழாயடியில நான் சொன்னது பொய்."

கடைசி மெஷினிலிருந்து இரட்டைநாடி எழுந்தாள். நடந்து வந்தாள். அடி எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. கேள்வி மேசை விளிம்பில் வாய் மோதி விழுந்தாள், நாக்கில் இரும்பும் உப்புமாக ரத்தம் கரித்தது, ஒரு பல் ஆடியது. வார்டர் அம்மா ஓரடி எடுத்து வைத்தாள். அதோடு நின்றாள். இரட்டைநாடி கேள்வியை முடியைப் பிடித்துத் தூக்கினாள், இழுத்துப் போய் டெய்லர் அக்காவின் மெஷின் முன்னால் உட்காரவைத்தாள், வலது கையை எடுத்துத் தகட்டில் விரித்தாள். இரும்புக் காலை இறக்கினாள். புது ஊசி மாட்டியிருந்தார்கள். அதன் முனை, ஆள்காட்டி நகத்துக்கு மேலே ஒரு நெல்லளவு உயரத்தில் நின்றது.

இத்தனை நாள் கேட்ட கதைகளில் எதிலும் இந்த இடம் வரவில்லை. அடிபட்டவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை: தகடு எவ்வளவு குளிர்ச்சி, மோட்டாரின் எண்ணெய் வாசனை எவ்வளவு கிட்டத்தில் வருகிறது, தன் விரல் எவ்வளவு சின்னது. அவள் கையை இழுக்கவில்லை. தைரியம் இல்லை அது. இழுக்க உரிமை இல்லை என்று தோன்றியது.

"அப்போ நான் நேத்து சும்மாவா அவ கையைத் தைச்சேன்?" இரட்டைநாடியின் குரல் முதன்முறையாக நடுங்கியது. "ஏன்டி? சும்மாவா?"

"ஆமா" என்றாள்.

கால் மிதிமேல் இருந்தது. மோட்டார் உறுமியது.

பிறகு கால் விலகியது. இரட்டைநாடி இரும்புக் காலைத் தூக்கினாள்.

"பொய்யா டிக் போட்ட கை இதுதானே? இதே கையால எழுது. அந்தத் தாள்ல எழுது. நாளைக்கு இங்க யாராவது அவளை, எச்சரிச்சும் வாயை விட்டவன்னு சொன்னா, மறுபடி உன்னைத் தேடி வருவேன். நான் எப்படியும் வெளிய வர்றவதான்." முடியை விட்டாள். "போ."

ஆய்வு மையத்தில் ஒரு பழக்கம் உண்டு. தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. அதன் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, அதற்குப் பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும். முதலில் என்ன எழுதியிருந்தது என்பது எப்போதும் தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம், வீங்கிய வாயோடு, மேடத்தின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பத்தொன்பது தாள்களையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். ஆறாவது கட்டத்தின் மேல் ஒரு கோடு. 'படிக்கப்படவில்லை.' ஒப்பம். தேதி. மேடம் ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்து அடுக்கினார். புறங்கையில் இரும்புக் கால் அழுத்திய தடம் இன்னும் இருந்தது.

டெய்லர் அக்காவின் தாளைக் கடைசிக்கு வைத்திருந்தாள். நல்ல இடத்தில் நிறுத்துகிற பழைய பழக்கம். அது தெரிந்ததும் வெட்கப்பட்டு, சட்டென்று அதை எடுத்து எழுதினாள். அடியில் அக்காவின் கையெழுத்து இருந்தது: ஓரம் அடித்தது போலச் சீரான, சின்ன எழுத்துகள். வலது கையால் போட்டது.